வளையல் நோயும் கோணிச் சாக்கும்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வந்து வாழும் நம்மில் பலரும் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் பிறமொழிச் சொற்களுள் உருளைக்கிழங்கின் பெயரும் ஒன்றாக இருக்கும். டில்லியிலும் கல்கத்தாவிலும் அதற்கு ஆலு என்று பெயர், பம்பாயில் படாடா. கடைக்காரர் அதைத் தராசில் இடும்பொழுது, இக்கிழங்கு எங்கே விளைந்தது, எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது, எந்தச் சாக்கில் ஏறி வந்தது என்று நாம் கேட்பதில்லை. சமையலுக்கு வாங்குகிறவருக்கு அந்தக் கேள்விகள் வேண்டியதும் இல்லை. விதைக்கென்று வாங்குகிற உழவருக்கோ அம்மூன்றும் ஓர் ஆண்டின் பிழைப்பைத் தீர்மானிக்கிற கேள்விகள். அவற்றுள் மண்ணைப் பற்றிய கேள்வி பழமையானது. கிடங்கையும் சாக்கையும் பற்றிய கேள்வியை மனிதன் கேட்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். அது ஏன் அவ்வளவு பிந்தியது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பூனா ஜில்லாவின் உருளைக்கிழங்கு வயல்களைப் பீடித்த ஒரு நோய் 1892-ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது. முதல் நாள் வரை பச்சைப் பசேலென்று நின்ற செடி மறுநாள் உச்சி வெயிலில் துவண்டு தலை சாயும். நீர் பாய்ச்சினாலும் நிமிராது. அடியில் உள்ள கிழங்கை எடுத்துக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், தோலுக்குச் சற்று உள்ளே, செடி நீர் ஏற்றிக்கொள்ளும் குழாய்கள் வட்டமாக ஓடும் இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். மராட்டிய உழவர்கள் அதைப் ‘பாங்கடி’ என்றார்கள். அவர்கள் மொழியில் பாங்கடி என்றால் கைவளையல். அறுத்த கிழங்கில் வளையலைக் கண்டு பெயரிட்ட அந்த உழவர்களின் கண் கூர்மையானது. எனினும் கண்ணால் கண்ட அடையாளத்தை மட்டும் கொண்டு ஒரு நோய்க்குப் பெயரிடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

மைசூர் சமஸ்தானத்திலும் இதே நோய் இருந்தது. அங்கே விவசாய இலாகாவில் பணி ஏற்ற லெஸ்லி கோல்மன் என்னும் கானடா நாட்டு அறிஞர் 1909-இல் இதைப் பற்றி ஒரு வெளியீட்டை எழுதினார். பாக்கு மரத்தைத் தாக்கும் கொளெரோகம் என்னும் அழுகல் நோய்க்கு மருந்து கண்டதால் மலைநாட்டுப் பாக்குத் தோட்டக்காரர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தவர் இவர்; பிற்காலத்தில் அந்த இலாகாவின் தலைவராகவும் இருந்தார். உருளைக்கிழங்கு நோய்க்கு அவர் அளித்த பெயர் ‘வளைய நோய்’ என்பது. ஆக, மராட்டிய உழவரும் கானடாவிலிருந்து வந்த விஞ்ஞானியும் ஒரே அடையாளத்தைக் கண்டு ஒரே பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

நோய்க்குக் காரணம் என்ன என்பதற்கு அதற்குள் விடை கிடைத்திருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்த எர்வின் ஸ்மித் என்பவர் 1896-இல் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் வாட்டும் ஒரு பாக்டீரியாவை விவரித்து வெளியிட்டார். அந்நாளில் இது எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி அன்று. மனிதனுக்கும் மாட்டுக்கும் பாக்டீரியாவினால் நோய் வரும் என்பதை ஒப்புக்கொண்ட ஐரோப்பியப் பேரறிஞர்கள் சிலர், செடிக்கு அவ்வாறு வரும் என்பதை ஒப்ப மறுத்தனர். ஜெர்மானியரான ஆல்பிரெட் பிஷர், அழுகிய செடியில் காணும் பாக்டீரியாக்கள் அழுகலுக்குப் பின் வந்து குடியேறியவையே அன்றி அழுகலை உண்டாக்கியவை அல்ல என்று வாதிட்டார். ஸ்மித் சளைக்காமல் ஆண்டுக்கணக்கில் மறுமொழி எழுதினார். இறுதியில் ஸ்மித்தின் கட்சியே நிலைத்தது. இந்த வாதத்தில் அன்று யாரும் அதிகம் பேசாத ஒரு விளைவு அடங்கியிருந்தது. செடியின் நோய்க்குக் கிருமி காரணம் என்றால், அறுவை வைத்தியரின் கத்திக்கு உரிய விதிகள் உழவரின் கத்திக்கும் உரியவை ஆகும். மருத்துவமனையில் 1867 முதல் லிஸ்டர் வற்புறுத்தி வந்த தூய்மையை, கிழங்குக் கிடங்கிலும் வற்புறுத்த வேண்டிவரும்.

இந்நிலையில் ஜெர்மனியில் மற்றொரு வளையல் தென்பட்டது. ஆட்டோ ஆப்பெல் 1906-இல் உருளைக்கிழங்கின் வளைய அழுகலை விவரித்தார். ஸ்பீக்கர்மன், கோட்ஹாஃப் என்னும் இருவர் 1914-இல் அதை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். அது ஸ்மித் கண்ட பாக்டீரியா அன்று. அறுத்த கிழங்கில் வளையம் உண்டு. ஆனால் நிறம் வெளிறிய மஞ்சள். ஸ்மித்தின் நோயில் அறுத்த மாத்திரத்தில் சாம்பல் கலந்த வெண்ணிறக் கோழை தானே கசியும். கிழங்கின் கண்களிலும் அது கசிந்து, தோண்டி எடுக்கும்போது அங்கே மண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மானிய நோயிலோ கிழங்கை அமுக்கினால்தான் பாலாடைக்கட்டி போன்ற ஒரு பசை வெளிப்படும். கண்ணுக்கு இவ்வளவுதான் வேற்றுமை. டென்மார்க் நாட்டு வைத்தியர் கிராம் 1884-இல் வகுத்த சாயப் பரிசோதனையில் வைத்துப் பார்த்தால் வேற்றுமை திட்டவட்டமாகத் தெரியும்: ஜெர்மானியக் கிருமி ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஸ்மித்தின் கிருமி அதை விட்டுவிடும்.

இவ்விரண்டில் ஒன்றை வளைய அழுகல் என்றும் மற்றொன்றைப் பழுப்பு அழுகல் என்றும் இன்று பிரித்து வழங்குகிறோம். பூனாவின் பாங்கடியும் கோல்மன் எழுதிய வளைய நோயும் உண்மையில் பழுப்பு அழுகல்தான். பெயரில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கக்கூடும். இங்கே பெயரில்தான் பரிகாரமே இருக்கிறது. பழுப்பு அழுகலின் கிருமி மண்ணில் தங்கும், நீரில் தங்கும், கத்தரி இனத்துக் களைகளின் வேரில் தங்கும். வளைய அழுகலின் கிருமிக்கு மண் ஏற்ற இடம் அன்று. வயலில் தப்பிக் கிடக்கும் கிழங்கு முளைத்தால் அதன் உள்ளே அது உயிர்வாழுமே அல்லாமல், வெறும் மண்ணில் நெடுநாள் நிற்பதில்லை. ஆனால் கிழங்கிலிருந்து கசிந்த பசை ஒரு சாக்கிலோ, பெட்டிப் பலகையிலோ, இயந்திரத்தின் இரும்பிலோ பட்டு உலர்ந்துவிட்டால், அந்த உலர்ந்த பசைக்குள் 2 முதல் 5 ஆண்டுகள் வரை அது உயிரோடு இருக்கும். உறைபனியும் அதைக் கொல்வதில்லை. குளிரும் வறட்சியும் அதற்குக் காப்பாகவே அமைகின்றன. கிழங்கு கெடாமல் இருக்க மனிதன் எத்தகைய கிடங்கைக் கட்டினானோ, அத்தகைய கிடங்கே கிருமி கெடாமல் இருக்கவும் உகந்ததாயிற்று.

வளைய அழுகல் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய காலத்தில் கிருமிநாசினி என்பது அங்குள்ள உழவர்களுக்குப் புதிய பொருள் அன்று. உருளைக்கிழங்கின் தோலில் சொறி போலப் படரும் ஒரு நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்று 1890-இல் தாக்ஸ்டர் காட்டினார். உடனே, 1891-இல், வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த பாலி என்பவர் விதைக்கிழங்கை ஒரு பாதரச உப்பின் கரைசலில் ஊறவைத்தால் சொறி குறையும் என்று கண்டார். சித்த வைத்தியர்கள் ‘வீரம்’ என்று அழைக்கும் கொடிய பாஷாணமே அந்த உப்பு. 1897-இல் ஆர்தர் என்பவர், விஷம் குறைந்தது என்று பார்மலின் நீரைச் சிபாரிசு செய்தார். இவ்வாறு விதைக்கிழங்கைக் கூடை கூடையாக மருந்துத் தொட்டியில் அமிழ்த்தி எடுப்பது வழக்கமாகிவிட்டது. மருந்தில் முக்கிய விதை சுத்தமான விதை என்னும் நம்பிக்கையும் அத்துடன் வேரூன்றியது. சொறியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் தவறில்லை. சொறி தோலின் நோய்.

1931-இல் கானடாவின் க்யூபெக் மாகாணத்திலும் அடுத்த ஆண்டு அதற்குத் தெற்கே அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் வளைய அழுகல் கண்டுபிடிக்கப்பட்டது. கோல்மன் மைசூரில் எழுதிய வளைய நோய்க்கு உண்மையில் சொந்தமில்லாத பெயர், அவர் பிறந்த நாட்டில் உரிய நோயோடு வந்து சேர்ந்தது ஒரு விசித்திரம். மெய்ன் மாநிலம் உருளைக்கிழங்குக்குப் பேர்பெற்றது. அங்கிருந்து விதைக்கிழங்கு மூட்டை மூட்டையாக மற்ற மாநிலங்களுக்குச் செல்லும். பத்து ஆண்டுகள் கழிவதற்குள் நோய் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை, உருளைக்கிழங்கு பயிரிடும் மாநிலங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பரவிவிட்டது.

இத்துணை விரைவுக்குக் காரணம் காற்றும் அன்று, பூச்சியும் அன்று. மனிதனுடைய சிக்கனமும் வேகமுமே காரணம். அமெரிக்க உழவர் பெரிய விதைக்கிழங்கை இரண்டு மூன்று துண்டுகளாக அறுத்து நடுவார். விதைச் செலவு குறையும். நோயுற்ற ஒரு கிழங்கை அறுத்த கத்தி, அடுத்து அறுபடும் பல நல்ல கிழங்குகளின் பச்சைப் புண்ணில் கிருமியைத் தடவிச் செல்லும். அறுத்த துண்டுகளை ஒரே குவியலாகக் குவிக்கும்போது துண்டும் துண்டும் உரசும். பின்னர் அவை நடவு இயந்திரத்துக்குப் போகும். அக்காலத்தில் பெருவழக்காய் இருந்த ஒரு வகை இயந்திரத்தில் சுழலும் சக்கரத்தில் கூரிய ஆணிகள் உண்டு. ஆணி துண்டைக் குத்தி எடுத்துச் சாலில் போடும். மறுகணம் அதே ஆணி அடுத்த துண்டைக் குத்தும். ஒரே ஊசியால் ஊர் முழுவதற்கும் அம்மை குத்துவதற்கு ஒப்பான இந்த வேலையை ஏக்கர் ஏக்கராக ஓர் இயந்திரம் ஓய்வின்றிச் செய்தது. அறுவடைக்குப் பின் அதே வேலையைச் சாக்குகள் செய்தன. அமெரிக்கா பயன்படுத்திய சணல் துணியில் பெரும்பகுதி வங்கத்திலிருந்து சென்றது. ஹூக்ளிக் கரை ஆலைகளில் நெய்த துணி மெய்ன் மாநிலத்துக் கிழங்கைச் சுமந்தது என்பது கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு ஒரு சுவையான செய்தியாக இருக்கலாம். சணல் சாக்கைத் தூக்கி எறிவார் யாரும் இல்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அது வேறு ஒருவர் கிழங்கைச் சுமந்து வேறு ஒருவர் கிடங்குக்குப் போயிற்று. இழைகளுக்கு இடையே காய்ந்த பசையும் கூடவே போயிற்று.

நோய் கண்ட உழவர் முதலில் தமக்குத் தெரிந்த வைத்தியத்தையே செய்தார். விதையை மருந்தில் அமிழ்த்தினார். பயன் இல்லை. கிருமி தோலின் மேல் இல்லை, குழாய்களின் உள்ளே இருந்தது. மேலே தடவிய மருந்து உள்ளே எட்டவில்லை. அடுத்ததாகச் சிலர் தம்மிடம் இருந்த விதை முழுவதையும் விற்றுத் தீர்த்துவிட்டு, நோயற்றது என்று சான்று பெற்ற புது விதையை நல்ல விலை கொடுத்து வாங்கி நட்டனர். இதுவே சரியான வழி. ஆனால் பாதி வழி. புது விதையைப் பழைய கிடங்கில், பழைய சாக்கில், பழைய பெட்டியில் இறக்கினார்கள். பழைய இயந்திரத்தால் நட்டார்கள். நோய் திரும்பிற்று. விதை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் எண்ணுவதும், மண் கெட்டுவிட்டது என்று வயலை மாற்றுவதும் இந்த நிலையில் இயல்புதானே? மெய்ன் மாநில ஆராய்ச்சி நிலையத்து ரெய்னர் பாண்ட் போன்றவர்களும் கானடா நாட்டு நிபுணர்களும் 1930-களின் பிற்பகுதியிலும் 1940-களிலும் செய்த வேலை, இந்தச் சந்தேகத்தை வயலிலிருந்தும் விதைக்காரரிடமிருந்தும் விலக்கிக் கிடங்கின் பக்கம் திருப்பியதே. கிழங்குக்கு இட்ட மருந்தை, கிழங்கைத் தொடும் பொருள்களுக்கு இடுக என்பது அவர்கள் முடிபு. கேட்பதற்குச் சிறிய மாற்றமாகத் தோன்றும். நோயின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறொன்றும் இல்லை என்பது நம் கருத்து.

கிடங்கைத் தூய்மை செய்யும் முறை அனுபவத்தால் உருவாயிற்று. அதில் முதற்பாடம், மருந்துக்கு முன் துடைப்பம் என்பது. காய்ந்த மண்ணும் கிழங்குச் சாறும் படிந்த பலகையின் மேல் எத்தனை உயர்ந்த கிருமிநாசினியைத் தெளித்தாலும், அழுக்கு மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். அடியில் உள்ள கிருமி சேதமின்றி இருக்கும். சலவைத்தூளில் உள்ள குளோரின் விஷயத்தில் இது மிகவும் உண்மை. ஆகவே கிடங்கில் எஞ்சிய கிழங்கு, சருகு, மண் எல்லாவற்றையும் வாரி அப்புறப்படுத்திப் புதைக்க வேண்டும். வயலோரத்தில் குவித்து வைத்தால் அவை முளைத்து நோயை மீண்டும் வயலுக்கு அழைத்து வரும். அதன் பிறகு வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வசதி உள்ள இடங்களில் நீராவியைப் பீய்ச்சினார்கள். அழுக்கு நீங்கிய பின்னரே மருந்து. மருந்து பட்ட இடம் குறைந்தது 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும் என்பது விதி. காற்றில் உடனே உலர்ந்துவிட்டால் வேலை நடக்கவில்லை என்று பொருள். கடுங்குளிரிலும் மருந்து மந்தமாகவே வேலை செய்யும். எனவே கிடங்கு காலியாக இருக்கும் வெதுவெதுப்பான மாதங்களிலேயே இதைச் செய்து முடித்தல் நலம்.

எந்த மருந்து என்பதிலும் நீண்ட அனுபவம் சேர்ந்தது. வீரம் கிருமியைக் கொல்வதில் நிகரற்றது. ஆனால் இரும்பை அரிக்கும், மரத்தொட்டியில்தான் கரைக்க வேண்டும், ஆளையும் மாட்டையும் கொல்லும். பிற்காலத்தில் பாதரசத்தின் கேடு நன்கு உணரப்பட்டு அது கைவிடப்பட்டது நல்லதே. மயில்துத்தம் சுவருக்கும் மரத்துக்கும் ஏற்றது, உலோகத்துக்கு ஆகாது. பார்மலின் கண்ணையும் மூச்சையும் வருத்தும். குளோரின் மலிவு, ஆனால் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பின்னர் நல்ல நீரால் அலச வேண்டும். அயோடின் கலந்த மருந்துகளும், மருத்துவமனைத் தரையைக் கழுவப் பயன்படும் அமோனியச் சேர்மங்களும் பின்னர் வந்தன. கத்தியைப் பொறுத்தவரை ஓர் எளிய தந்திரம்: பல கத்திகளை மருந்தில் போட்டுவைத்து, ஒன்றை எடுத்து வேலை செய்யும்போது மற்றவை ஊறும்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. சில இடங்களில் வட்டக் கத்தியைச் சுழலவிட்டு, அதன் கீழ்ப்பாதி எப்போதும் மருந்துத் தொட்டியில் மூழ்கிவரும்படி அமைத்தார்கள். இயந்திரங்களில் கழுவ இயலாத பாகங்களும் இருந்தன. கிழங்கு அடிபடாமல் இருக்க ஒட்டிய பஞ்சு போன்ற ரப்பர்ப் பட்டைகளில் ஊறிய பசையை எந்த மருந்தாலும் முழுவதும் எடுக்க முடியாது. அவற்றைக் கழற்றி எறிய வேண்டியதுதான். பழைய சாக்குக்கும் அதுவே கதி. சாக்கை மருந்தில் ஊறவைக்கலாம் என்று முயன்றவர்கள், புதுச் சாக்கே மலிவு என்பதைக் கணக்குப் பார்த்துக் கண்டார்கள்.

இவ்வளவும் செய்த ஒருவருக்குப் பக்கத்துப் பண்ணையார் செய்யாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி எழும். இரவல் இயந்திரமும் வாடகை லாரியும் எல்லை பார்ப்பதில்லை. அதனால்தான் விதைச் சான்று அளிக்கும் அமைப்புகள் கடுமையான விதி ஒன்றை ஏற்படுத்தின. மற்ற நோய்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு சலுகை உண்டு. வளைய அழுகலுக்குச் சலுகை இல்லை. வயலில் ஒரே ஒரு செடியில், கிடங்கில் ஒரே ஒரு கிழங்கில் அது காணப்பட்டாலும் அந்த விதை முழுவதும் விதை என்னும் தகுதியை இழக்கும். சமையலுக்குரிய விலையில் விற்க வேண்டியதுதான். பல ஆண்டு உழைத்து நல்ல பெயர் எடுத்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் இந்த நஷ்டம் நேர்ந்தது. விதி இவ்வளவு கொடிதாக இருந்தமையால் சிலர் நோயை மறைத்திருப்பார்கள் என்று ஐயுறுவதற்கு இடம் உண்டு. எனினும் இந்தக் கிருமியின் இயல்பை அறிந்தவர்கள் இதைவிடத் தளர்ந்த விதியை எழுதியிருக்க முடியாது. நூற்றில் ஒன்று என்று விட்டுக்கொடுத்தால், கத்தியும் ஆணியும் அந்த ஒன்றை அடுத்த ஆண்டே பலவாக்கிவிடும்.

அதற்கும் மேலாக, கிருமி உள்ளே இருந்தும் ஒரு பருவம், சில சமயம் அதற்கும் மேல், எந்த அடையாளமும் காட்டாமல் கிழங்கு இருக்கக்கூடும். வயலைச் சுற்றி வரும் அதிகாரியின் கண் இங்கே பயன்படாது. ஐரோப்பாவில் ஒரு கிழங்குத் தொகுதியிலிருந்து 200 கிழங்குகளை எடுத்து, காம்புப் பக்கத்தில் சிறு சிறு துண்டாகக் கெல்லி, சாறாக்கி ஆய்வு செய்யும் முறை ஏற்பட்டது. ஐயம் தோன்றினால் அச்சாற்றைக் கத்தரி நாற்றில் ஏற்றிப் பார்ப்பார்கள். இந்தக் கிருமிக்குக் கத்தரி எளிதில் வாடி உண்மையைக் காட்டிக்கொடுக்கும். 2003-இல் பிரிட்டனில் முதன்முறையாக, வேல்ஸ் பகுதியின் ஒரு பண்ணையில், வெளிநாட்டு விதையிலிருந்து விளைந்த கிழங்கில் வளைய அழுகல் பிடிபட்டது இத்தகைய சோதனைகளின் பயனே.

பழுப்பு அழுகலின் கதை இவ்வளவு நேரானது அன்று. ஹாலந்து நாட்டினர் தூய்மையிலும் விதைத் தொழிலிலும் உலகுக்கு வழிகாட்டிகள். அவர்கள் நாட்டிலேயே 1995-இல் பல பண்ணைகளில் பழுப்பு அழுகல் தோன்றிற்று. பெட்டிகளையும் கிடங்குகளையும் கழுவினார்கள்; கழுவத்தான் வேண்டும். ஆனால் கிருமி வாய்க்கால் நீரில் இருந்தது. கரையோரத்தில் வளரும் கத்தரி இனத்துக் கொடி ஒன்றின் வேரில் அது குடியிருந்து நீரில் கலந்துகொண்டே இருந்தது. கிடங்கைக் கழுவும் நீரே கிருமியைச் சுமந்து வருமானால் கழுவுதலின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது. கடைசியில், நோய் உள்ள வட்டாரங்களில் உருளைக்கிழங்குக்கு வாய்க்கால் நீர் பாய்ச்சுவதையே தடை செய்ய வேண்டியதாயிற்று.

நம் நாட்டுப் பாங்கடி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வளைய அழுகலையோ இந்திய அரசு வெளிநாட்டிலிருந்து நுழையவிடாமல் தடுக்க வேண்டிய நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆகவே அமெரிக்கர் கிடங்கைக் கழுவி வென்றார்கள், நாமும் கழுவினால் வெல்வோம் என்று சொல்லிவிட முடியாது. தக்காண மேட்டு நிலம், மைசூர்ப் பகுதி, குமாவுன் மலைச்சரிவு, கிழக்கு மலைகள், வங்கம், நம் நீலகிரி ஆகிய இடங்களில் இக்கிருமி மண்ணிலேயே இருக்கிறது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-இல் பாட்னாவில் எஸ். ராமானுஜத்தின் தலைமையில் தொடங்கி, 1956-இல் சிம்லாவுக்கு மாறிற்று. அங்கே புஷ்கர்நாத் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விதை உற்பத்தியை மலையிலிருந்து வடமேற்குச் சமவெளிக்கு இறக்கும் முறையை வகுத்தார். செடிப்பேன் குறைந்த குளிர்காலத்தில் விதை வளர்த்து வைரஸ் நோயைத் தவிர்ப்பதே அதன் முதல் நோக்கம். பழுப்பு அழுகல் இல்லாத மண்ணிலிருந்து விதை கிடைத்தது அதனால் வந்த மற்றொரு பேறு. ஆக்ராவிலும் ஜலந்தரிலும் குடியிருக்கும் நம்மவர் வீட்டைச் சுற்றிக் காணும் கடல் போன்ற உருளைக்கிழங்கு வயல்களுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

மண் கெட்ட இடங்களுக்கு நிலையம் சொல்லும் வழிகள் வேறு. விதையை அறுக்காமல் சிறு கிழங்கை முழுதாக நடுதல். இரண்டு மூன்று ஆண்டு கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியப் பயிரை மாற்றி இடுதல். கோடையில் ஆழ உழுது மண்ணை வெயிலில் காயவிடுதல். நடும்போது உரத்தோடு ஹெக்டேருக்கு 12 கிலோ சலவைத்தூளைச் சேர்த்து இடுதல். அமெரிக்கர் கிடங்குச் சுவருக்கு இட்ட பொருளை நாம் சாலில் இடுகிறோம். அதற்காகக் கிடங்கும் சாக்கும் நமக்குக் கணக்கில் வாரா என்பது இல்லை. அழுகிய கிழங்கின் கோழை மூட்டைக்குள் நல்ல கிழங்கின் மேல் வழியும். நோய் இல்லாத வடமேற்குச் சமவெளிக்கு நோய் உள்ள மண் ஒரு பழைய சாக்கில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேரக்கூடும். மண்ணோடு பயணம் செய்யும் மற்றொரு பகையை நீலகிரி நன்கு அறியும். ஜான் சல்லிவன் காலந்தொட்டு உருளைக்கிழங்கு விளைந்து வந்த அந்த மலையில் 1961-இல் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழுவைக் கண்டார். கண்ணுக்குக் கடுகினும் சிறிதாகத் தெரியும் அதன் முட்டைக் கூடுகள் கிழங்கின் மண்ணிலும் சாக்கின் மண்ணிலும் பல ஆண்டு உயிரோடு இருக்கும். அதன் விளைவாகப் பின்னர் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை ஏற்பட்டது. மேட்டுப்பாளையம் மண்டியில் சமையற்கிழங்குக்கு நல்ல மதிப்பு இருந்தும், விதைச் சந்தையை அம்மலை உழவர்கள் இழந்தார்கள்.

சமையலறையில் நமக்கு இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இந்தப் பாக்டீரியாக்கள் மனிதனுக்கு நோய் தருவன அல்ல. ஆனால் அறுத்த கிழங்கில் பழுப்பு வளையம் தெரிந்து, வெண்கோழை கசிந்தால், அதையும் அதன் தோலையும் வீட்டுத் தோட்டத்துக் கத்தரி, தக்காளி, மிளகாய்ப் பாத்திகளில் எருவாகப் போடலாகாது. அரிந்த கத்தியையும் பலகையையும் சவர்க்கார நீரால் கழுவும்போது அந்த நீரைத் தோட்டத்துப் பக்கம் ஊற்றாமல் சாக்கடையில் விடுவது நல்லது. தோட்டத்தில் ஒரு தக்காளிச் செடி காரணமின்றி வாடினால், தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தெளிநீரில் நிறுத்திப் பார்க்கலாம். வெட்டு வாயிலிருந்து பால் போன்ற இழை மெல்ல இறங்கினால், பூனா உழவர்கள் பாங்கடி என்ற கிருமியே அது.